பொறுப்பு இடம்பெயர்ந்த வரலாறு: கூட்டுறவுக் கடன் சங்கங்களும் தொடக்கக் கொள்கையும்



ஒரு நோக்கத்திற்காகத் தோன்றிய நிறுவனம், அந்நோக்கத்தைக் கைவிட்டதாக ஒருநாளும் அறிவிக்காமல், அதன் பெயரையும் முத்திரையையும் ஆண்டுவிழாக்களையும் விடாமல் காத்துக்கொண்டே, அதிலிருந்து வெகுதொலைவு விலகிப் போவது எவ்வாறு என்னும் வினாவை இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது. இவ்வினாவிற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் ஊழல், கட்சி அரசியலின் தலையீடு, பின்வந்த தலைமுறையின் ஆர்வக் குறைவு என்பனவாகும். மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் நேர்மையான அலுவலர்களும் அக்கறையுள்ள அமைச்சர்களும் பொறுப்பில் இருந்த காலங்களிலும் இவ்விலகல் ஏன் நிற்கவில்லை என்பதை இவ்விடைகள் விளக்குவதில்லை.

பொதுவில் பேசினால் வினா நழுவிவிடும் என்பதால், வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வரலாறு இங்கு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. அச்சங்கங்களுக்கு 120 ஆண்டுகால வரலாறு உண்டு; அவற்றின் குறைகளைக் குழுக்கள் பல, தலைமுறைதோறும் ஆராய்ந்து எழுதிவைத்துள்ளன. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் என்னும் கருத்தைப் பேசுபொருளாக்கிய அறிக்கை சென்னை மாகாணத்தில் எழுதப்பட்டது என்பதும் இத்தேர்வுக்கு ஒரு காரணம்.

இச்சொற்பொழிவின் மையக் கருத்து பின்வருமாறு: நிறுவனம் ஒன்றின் தொடக்கக் கொள்கை அதன் சட்டத்தின் முகப்பு வாசகத்தில் வாழ்வதில்லை, இழப்பு நேர்ந்தால் தாங்குபவர், நிலைமையை நேரில் அறிந்தவர், முடிவெடுப்பவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்கும் ஏற்பாட்டில்தான் வாழ்கிறது. சிக்கல் பெரிதாகும்தோறும் நிறுவனம் இம்மூன்றையும் ஒவ்வொன்றாக மேல்தளத்திற்கு நகர்த்துகிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு நகர்வும் நியாயமானதே. ஆனால் நகர்வுகள் முடிந்தபின் கொள்கையைப் புதுப்பிக்க விரும்புவோரின் கையில் எஞ்சுவன மேல்தளத்தின் கருவிகள் மட்டுமே. அக்கருவிகளோ பொறுப்பை மேலே கொண்டுபோன அதே கருவிகள்.

1. தொடக்கக் கொள்கை எது?

ஊரகக் கூட்டுறவுக் கடனின் தோற்றம் ஜெர்மனியின் ரைன் நிலப்பகுதியைச் சேர்ந்தது. அங்கே சிற்றூர்களின் மேயராக இருந்த ஃபிரிட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818–1888), 1846–47 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். அதன்பின் வேறு இரண்டு ஊர்களிலும் செல்வர்களின் பொறுப்பில் உதவிச் சங்கங்களை அமைத்தார். கொடையாளர்களின் ஆர்வம் சில ஆண்டுகளில் தளர்ந்தது. 1864-இல் ஹெடஸ்டார்ஃப் என்னும் ஊரில், கடன் வாங்குவோரே உறுப்பினராகவும் பொறுப்பாளராகவும் இருக்கும் கடன் சங்கமாக அங்கிருந்த உதவிச் சங்கத்தை மாற்றினார். பின்வந்தோர் மாற்றக்கூடாத மரபாகப் போற்றிய கொள்கை, நிறுவனர் தம் முதல் கொள்கையைக் கைவிட்டுக் கண்டடைந்த ஒன்று என்பதைக் கூட்டுறவுப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோகின்றன.

அவ்வேற்பாட்டின் நடுநாயகமாக இருந்தது ‘வரம்பற்ற பொறுப்பு’. சங்கம் நொடித்துப்போனால் உறுப்பினர் தாம் செலுத்திய பங்குத்தொகையை இழப்பதோடு நில்லாமல், தம் முழுச் சொத்தையும் கொண்டு கடனை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் பொருள். பக்கத்து வீட்டார் வாங்கிய கடன் விதைக்குப் போயிற்றா, சாராயக் கடைக்குப் போயிற்றா என்று கவனிக்க இதனால் ஒவ்வொருவருக்கும் காரணம் இருந்தது. சங்கத்தின் எல்லை ஒரே ஊராகச் சுருங்கியிருந்ததால் கவனிக்கவும் இயன்றது. நிர்வாகிகளுக்கு ஊதியம் இல்லை. ஈட்டிய உபரி பிரித்துக்கொள்ள முடியாத சேமநிதிக்குச் சென்றது. இழப்பு, அறிவு, முடிவு ஆகிய மூன்றும் ஒரே ஊருக்குள், ஏறத்தாழ ஒரே மனிதர்களிடம் இருந்தன.

2. தேடச் சொன்னதும் கிடைத்ததும்

1875-இல் பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் உழவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் கணக்கேடுகளையும் பத்திரங்களையும் கைப்பற்றி எரித்த கலவரங்களுக்குப் பின், ஊரகக் கடன் அரசின் கவலையாயிற்று. சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆட்சிப்பணி அலுவலரை ஐரோப்பிய நிலவங்கிகளையும் வேளாண் வங்கிகளையும் ஆராயப் பணித்தது. அவரது அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. பல நூறு பக்கங்களில் சட்டங்களையும் வட்டிவிகிதங்களையும் ஒப்பிட்ட அவ்வறிக்கை, முடிவில் ரைஃபைசனைப் போன்ற ஒரு மனிதரைத் தேடிக் கண்டடையுமாறு பரிந்துரைத்தது. அரசின் ஆவணமொன்று தன் தீர்வாக ஒரு மனிதரைத் தேடச் சொன்னது அரிது.

அரசு ரைஃபைசனைத் தேடவில்லை, பதிவாளரை நியமித்தது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்படி, ஒரே ஊரினராகவோ ஒரே சாதியினராகவோ உள்ள பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். அதைப் பதிவு செய்வதும், ஆண்டுதோறும் தணிக்கை செய்விப்பதும், தேவையானால் கலைப்பதும் பதிவாளரின் பணிகள். அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. அதே 1904-இல் திருவல்லிக்கேணியில் படித்த நடுத்தர வகுப்பினர், இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844-இல் தொடங்கிய கடையை முன்மாதிரியாகக் கொண்டு, தாமே ஒரு பண்டகசாலைச் சங்கத்தை நிறுவினர். அது ஊரார் முயற்சி. கிராமத்துச் சங்கங்களோ பெரும்பாலும் பதிவாளரின் ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று அமைத்தவை.

பதிவாளர் பதவியைக் குறைசொல்வதற்காக இது கூறப்படவில்லை. எழுத்தறிவு குறைந்த ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ரைஃபைசன் கிடைப்பார் என்று எந்த அரசும் காத்திருக்க முடியாது. தொடக்ககாலப் பதிவாளர்கள் தம்மைக் கட்டுப்பாட்டாளர்களாகக் கருதாமல் ஆசிரியர்களாகவே கருதினர். சங்கங்கள் வளர்ந்தபின் விலகிக்கொள்வதே அவர்களது எண்ணம். விலகும் நாளைச் சட்டம் குறிப்பிடவில்லை.

3. சிக்கலின் இயல்பு

1973-இல் ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் ஆகிய இரு கலிஃபோர்னியப் பேராசிரியர்கள், திட்டமிடுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களை இருவகையாகப் பிரித்தனர். பாலம் கட்டுதல் கடினமானது; ஆயினும் கட்டி முடித்தால் முடிந்தது. வறுமை, குற்றம் போன்றவற்றில் சிக்கல் எது என்று வரையறுப்பதே தீர்வு எது என்று சொல்வதாகிவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்பதற்கு விதி இல்லை. ஒவ்வொரு தலையீடும் சிக்கலின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. இத்தகையவற்றை ‘அடங்காச் சிக்கல்’ எனலாம். ஊரகக் கடன் அவ்வகையைச் சேர்ந்தது. அதைக் கடினமான சிக்கலாகக் கருதியே நிறுவனம் கட்டப்பட்டது.

வானம் பார்த்த நிலங்களில் பருவமழை பொய்த்தால் ஊர் முழுவதும் ஒருசேரப் பாதிக்கப்படுகிறது. பக்கத்து வீட்டார் தாங்குவார் என்பது வரம்பற்ற பொறுப்பின் அடிப்படை. பக்கத்து வீட்டாரின் புஞ்சையும் அதே வாரத்தில் காய்ந்துபோனால் தாங்க யாரும் இல்லை. ஆகவே ஊருக்கு வெளியே பல ஊர்களின் இடரைப் பகிர்ந்துகொள்ளும் மேல்நிலை அமைப்பு தேவைப்பட்டது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய வங்கிகளுக்கும் இணையங்களுக்கும் இடமளித்தது. 1915-இல் அறிக்கை அளித்த மெக்லகன் குழு மேல்நிலை அமைப்புகளை ஒழுங்குபடுத்துவது பற்றி விரிவாக எழுதியது. தொடக்கச் சங்கம், மாவட்ட மத்திய வங்கி, மாகாணத் தலைமை வங்கி என்னும் மூன்றடுக்கு அமைந்தது இவ்வாறே. முதல் நகர்வு இது. தவறென்று இதை எவரும் சொல்ல முடியாது.

ஊர் என்பது ஒன்றாகவும் இல்லை. தத்தமக்குச் சொந்தமான நிலத்தை உழுத குடியானவர்களே மிகுந்திருந்த ரைன் கரையின் ஊரையும், மிராசுதாரும் குத்தகைதாரரும் நிலமற்ற கூலியாளும் தனித்தனித் தெருக்களில் வாழ்ந்த தஞ்சைப் பகுதி ஊரையும் சட்டம் ஒரே சொல்லால் குறித்தது. வரம்பற்ற பொறுப்பில் மிகுதியாக இழக்கக்கூடியவர் பெருநிலக்காரர்; எனவே அவர் ஒன்று சங்கத்தில் சேராமல் விலகி நின்றார், அல்லது தலைவராகி யாருக்குக் கடன் என்பதைத் தாமே தீர்மானித்தார். நிலமற்றவருக்கு ஈடுகாட்ட ஏதுமில்லாததால் உறுப்பினர் ஆகும் வழியே குறுகியிருந்தது. ஒருவரையொருவர் அறிந்திருத்தல் இங்கும் இருந்தது. ஆனால் அவ்வறிவு மேலிருப்பவர் கீழிருப்பவரைப் பற்றிக் கொண்டிருந்த அறிவு, எதிர்த்திசையில் அது கேள்வி கேட்கும் உரிமையாக மாறவில்லை. தொடக்கக் கொள்கையை ஏக்கத்துடன் நினைவுகூர்வோர் இதை மறந்துவிடக் கூடாது. அப்படியே மீட்டெடுத்தால் மீண்டு வருவது அவ்வூரின் அதிகாரமும்தான்.

வட்டிக்கடைக்காரரோ கடன் கொடுப்பவர் மட்டுமல்லர். விளைச்சலை வாங்கிக்கொண்டார், கல்யாணத்திற்கும் கருமாதிக்கும் பணம் தந்தார், நோக்கம் கேட்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. பின்னிக் கிடந்த இவ்வுறவுகளுள் ஒன்றை மட்டும் எடுத்துச் சங்கம் தீர்க்க முயன்றது. 1930-களின் பெருமந்தத்தில் விளைபொருள் விலையும் நிலத்தின் மதிப்பும் விழுந்தபோது தவணை தவறிய கடன்கள் குவிந்தன. சென்னை மாகாணத்தில் 1927–28-இல் டவுன்செண்ட் குழுவும், 1939–40-இல் விஜயராகவாச்சாரியார் குழுவும் கூட்டுறவை ஆராய்ந்தன; இடையில் 1932-இல் மாகாணத்திற்கெனத் தனிச்சட்டம் வந்தது. குழு அமைப்பது நிறுவனங்கள் சிந்திக்கும் முறை எனலாம். சிந்தனையைத் தள்ளிப்போடும் முறை என்பாரும் உளர்.

4. 3.1 விழுக்காடு

விடுதலைக்குப் பின் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, 1951–52-இல் உழவர்கள் பெற்ற கடனில் கூட்டுறவுகள் தந்தது 3.1 விழுக்காடு மட்டுமே என்று கண்டது. அரை நூற்றாண்டு முயற்சிக்குப் பிறகும் பத்தில் ஏழு பங்கு கடன், தொழில்முறையிலோ உழவுக்கு ஊடாகவோ வட்டிக்குவிட்டவர்களிடமிருந்து வந்தது. ஏ. டி. கோர்வாலா தலைமையிலான குழு 1954-இல் அளித்த அறிக்கை, கூட்டுறவு தோற்றது எனினும் அது வென்றே ஆகவேண்டும் என்னும் முடிவுக்கு வந்தது. வலுவற்ற சங்கங்கள் வலிய வணிக நலன்களோடு போட்டியிட முடியாது. ஆகவே அரசே பங்குதாரராகச் சேர்ந்து வலுவூட்ட வேண்டும் என்பது அதன் வாதம். சங்கங்களைப் பெரிதாக்குதல், வரையறுக்கப்பட்ட பொறுப்புக்கு, அதாவது பங்குத்தொகையளவே இழப்பு என்னும் முறைக்கு மாறுதல், கடனைச் சந்தையோடும் சேமிப்புக் கிடங்கோடும் இணைத்தல் ஆகியன உடன்வந்தன. இம்பீரியல் வங்கி 1955-இல் ஸ்டேட் வங்கியானதும் இவ்வறிக்கையின் விளைவே.

இது நேர்மையான அறிக்கை. சிக்கலின் பின்னலை முன்வந்தோர் எவரைவிடவும் கூர்மையாகக் கண்டது. அதனாலேயே அதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. அரசு பங்கு வைத்தால் இயக்குநரையும் நியமிக்கும்; இயக்குநரை நியமித்தால் முடிவுக்கும் பொறுப்பாகும்; பொறுப்பானால் இழப்பையும் தாங்கும். வரம்பற்ற பொறுப்பு போனபோது உறுப்பினரின் அச்சம் போயிற்று, அவ்வச்சத்தோடு பக்கத்து வீட்டைக் கவனிக்கும் காரணமும் போயிற்று. சங்கத்தின் எல்லை ஓர் ஊரா, பல ஊர்களா என்பதில் 1958-இல் தேசிய வளர்ச்சி மன்றம் ஒருவாறும், 1960-இல் மேத்தா குழு மற்றொருவாறும் கூறின. எல்லை பற்றிய அந்த நெடிய விவாதத்தில், எல்லை ஏன் சிறியதாக வைக்கப்பட்டது என்னும் காரணம் ஏற்கெனவே மறைந்துவிட்டிருந்தது.

5. மூன்றும் மேலே

இன்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உள்ளன. பயிர்க்கடன், உர விற்பனை, நியாயவிலைக் கடை என அவை செய்யும் பணிகள் மிகப் பயனுள்ளவை. மாநிலத்தின் பொது விநியோகம் பெரும்பகுதியும் கூட்டுறவுகளின் தோளில்தான் நடக்கிறது. பயன் இல்லை என்பது இங்கு குற்றச்சாட்டன்று. அப்பயனைத் தருவது உறுப்பினர்களின் சங்கமா, அரசின் கிளையா என்பதே வினா.

இழப்பு முதலில் மேலே சென்றது. 1990-இல் ஒன்றிய அரசின் கடன் நிவாரணம், தமிழ்நாட்டில் 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளின் கூட்டுறவுக் கடன் தள்ளுபடிகள் என்று வரிசை நீள்கிறது. 2021 பிப்ரவரி அறிவிப்பில் மட்டும் 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியாயிற்று. வறட்சியும் புயலும் கண்ட உழவருக்கு நிவாரணம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நிவாரணம் கடன் கணக்கின் வழியே வரும்போது, முறையாகத் திருப்பிச் செலுத்திய உறுப்பினர் அடுத்த முறை ஏன் செலுத்த வேண்டும் என்பதற்குச் சங்கத்திடம் விடை இல்லை.

முடிவெடுக்கும் அதிகாரம் அடுத்துச் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களைக் கலைத்துத் தனி அலுவலர்களை அமர்த்தும் வழக்கம் ஆட்சிமாற்றங்களோடு இணைந்து, ஆண்டுக்கணக்கில் பேரவைக் கூட்டங்களைச் சடங்காக்கியது. சங்கத்தின் அன்றாடம் செயலாளரின் கையில். செயலாளருக்கு மேலே சார்பதிவாளர், துணைப்பதிவாளர், இணைப்பதிவாளர்.

அறிவு கடைசியாகச் சென்றது. அது சென்ற விதமே மூன்றிலும் நுட்பமானது. பல சங்கங்களைத் தாங்கி நிற்பது இன்று நகைக்கடன். நகைக்கடனுக்கு வாங்குபவரின் நாணயம் தெரிய வேண்டியதில்லை, நிலம் தெரிய வேண்டியதில்லை. நகை மதிப்பீட்டாளருக்குத் தங்கத்தின் மாற்று தெரிந்தால் போதும். பாதுகாப்பானது, விரைவானது, உழவருக்கும் வசதியானது. அயலாரை அறிந்திருத்தல் என்னும் மூலதனத்தின் மேல் எழுந்த நிறுவனம், அவ்வறிவு சிறிதும் தேவைப்படாத கடனால் உயிர்வாழ்கிறது.

6. மேலிருந்து புதுப்பித்தல்

புதுப்பிக்கும் முயற்சிகள் நடவாமல் இல்லை. பொருளியல் அறிஞர் அ. வைத்தியநாதன் தலைமையில் 2004-இல் அமைக்கப்பட்ட குழு நோயைச் சரியாகக் கண்டது: சங்கங்களின் நிதிநிலையை ஒருமுறை சீராக்கிக் கொடுத்துவிட்டு அரசு விலக வேண்டும், பதிவாளரின் அதிகாரம் சுருங்க வேண்டும், சங்கத்தில் பணம் வைத்திருப்போருக்கு முழு வாக்குரிமை வேண்டும். இழக்கக்கூடியவரே முடிவெடுக்க வேண்டும் என்னும் பழைய விதியே இது. 2006-இல் ஒன்றிய அரசு அத்திட்டத்தை ஏற்றது. ஆயினும் விலகல் நிகழ வேண்டிய வழி மாநிலங்கள் இயற்ற வேண்டிய சட்டத்திருத்தமாயிற்று, அதற்கான தூண்டுகோல் மேலிருந்து வரும் பணமாயிற்று. பணத்தைக் கொண்டு தன்னாட்சியை வாங்குவதற்கான ஒப்பந்தம் அது.

அரசியலமைப்பின் 97-ஆம் திருத்தம் இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு. 2012-இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளோடு சேர்த்து, குழுவின் காலம், தேர்தல், தணிக்கை ஆகியவற்றை அரசியலமைப்பிலேயே எழுதியது. அதனையடுத்துத் தமிழ்நாட்டில் 2013-இலும், பின்னர் 2018-இலும் சங்கங்களுக்குத் தேர்தல்கள் நடந்தன. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கூட்டுறவு மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது, மாநிலச் சட்டமன்றங்களுள் பாதியின் ஒப்புதல் பெறப்படவில்லை என்னும் காரணத்தால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அவ்விதிகளைச் செல்லாதனவாக்கியது. அதே மாதத்தில் ஒன்றிய அரசு கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது. அதிகாரம் எந்தத் தலைநகரில் இருக்க வேண்டும் என்னும் வழக்கில், ஊரில் இருக்கும் உறுப்பினர் ஒரு தரப்பாகவே இல்லை.

வேறுவழியும் முயலப்பட்டது. ஆந்திரப் பிரதேசம் 1995-இல், பழைய சட்டத்தைத் திருத்தாமல், அரசுப் பங்கு ஏதும் பெறாத சங்கங்களுக்கென இணைச்சட்டம் ஒன்றை இயற்றியது. கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன, தமிழ்நாடு பின்தொடரவில்லை. பழைய நிறுவனத்தைச் சீர்திருத்துவதைவிடப் புதியதற்கு அதன் அருகே இடம்விடுவது எளிது என்னும் ஒப்புதல் அச்சட்டத்தில் அடங்கியிருக்கிறது.

7. நிறுவனத்துக்கு வெளியே

இணைச்சட்டம் இல்லாமலே, பழைய நிறுவனத்துக்கு வெளியே இடம் கிடைத்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஆனால் அது கூட்டுறவு வரலாற்றின் கீழ் எழுதப்படுவதில்லை. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை நாடளவில் தொடங்கியது. பன்னிரண்டு முதல் இருபது பேர், ஒரே குடியிருப்பு, கடனுக்கு முன் சேமிப்பு, ஒருவர் தவறினால் அனைவரும் பொறுப்பு, ஊதியமில்லாத பொறுப்பாளர்கள்: ஹெடஸ்டார்ஃபின் விதிகளை நிக்கல்சன் இங்கே அடையாளம் கண்டிருப்பார். கூட்டுறவுச் சட்டத்தில் பதிவு செய்யாமலே, பதிவாளர் எவரும் இல்லாமலே, பெரும்பாலும் நிலம் ஏதும் தம் பெயரில் இல்லாத பெண்களிடம் அக்கொள்கை செயற்பட்டது. ஊரின் ஏற்றத்தாழ்வைத் தாண்ட முடியாமல் 1904-ஆம் ஆண்டுச் சங்கம் நின்ற இடத்தில், ஒரே தெருவில் ஏறத்தாழ ஒரே நிலையில் வாழும் சிறு குழு என்னும் வரையறை ஓரளவு வழி கண்டது எனலாம்.

அக்குழுக்களும் இன்று பழைய பாதையில் கால்வைத்துள்ளன. அரசுத் திட்டங்களின் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் வாயிலாகவும், கூட்டங்களுக்கு ஆள்திரட்டும் வழியாகவும் அவை பயன்படுகின்றன. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களிடம் அவை பெற்றிருந்த கடன்களுக்கும் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த கடனில் இழப்பு ஒருமுறை மேலே சென்றுவிட்டது. குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடனை மட்டும் எந்த அரசாணையும் தள்ளுபடி செய்ய இயலாது. அதைத் தருவதா என்று முடிவு செய்வோரும், வாங்குபவரின் வீட்டு நிலைமையை அறிந்தோரும், திரும்பி வராவிட்டால் இழப்போரும் இன்றளவும் அப்பெண்களே. குழுக்களின் கணக்கேடுகளில் இவ்விரு கடன்களும் தனித்தனிப் பக்கங்களில் எழுதப்படுகின்றன. அப்பக்கங்களை ஒப்பிட்டு ஆராயும் பணி, இவ்வவையில் உள்ள ஆய்வு மாணவர்களுக்குக் காத்திருக்கிறது.